வெளியில் நிம்மதியாக உறங்க எத்தகைய ஹேமக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

நடைப்பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலைப்பாதைகளில் நடந்து சென்று இரவில் காட்டோரம் தங்கும் பழக்கம் உடையவன் நான். இதுவரை சிறிய கூடாரத்தில்தான் உறங்கி வந்திருக்கிறேன். தரையின் மேடுபள்ளமும், மெல்லிய விரிப்பையும் மீறி இடுப்பில் உறுத்தும் கல்லும் வேரும் சேர்ந்து, காலையில் எழும்போது உடம்பு ஓய்ந்து கிடக்கிறதே தவிர, ஓய்வு பெற்றதாகத் தோன்றுவதில்லை. ஆகவே, இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிப் படுக்கும் ஹேமக்குக்கு மாறலாமா என்று யோசித்து வருகிறேன்.

ஆனால் நண்பர் ஒருவருடைய ஹேமக்கில் படுத்துப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. முதுகு வில்லாக வளைந்தது. துணியின் இரு ஓரங்களும் தோள்களை நெருக்கின. கால்கள் உயரத்தில் நின்றதால் முழங்காலின் பின்பக்கம் இழுத்து வலித்தது. அரை மணி நேரம் இளைப்பாறுவதற்கு அது போதும். முழு இரவையும் அதில் கழிக்க முடியும் என்று தோன்றவில்லை. அப்படியிருந்தும், ஆண்டுக்கணக்கில் ஹேமக்கிலேயே உறங்குவதாகவும் தரைக்குத் திரும்ப மனமில்லை என்றும் பலர் எழுதுவதைப் படிக்கும்போது, தேர்விலோ கட்டும் முறையிலோ நான் அறியாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் உயரம் 178 செ.மீ., எடை 80 கிலோ. பெரும்பாலும் ஒருக்களித்துப் படுப்பவன். நான் செல்லும் இடங்களில் இரவில் குளிர் இறங்கும். கொசுத் தொல்லையும் உண்டு. மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இருவர் படுக்கக்கூடிய அகலமான ஹேமக்கை வாங்கினால் தோள் நெருக்கம் தீருமா? எந்தத் துணி நல்லது? அடியில் விரிப்பு ஏதும் வேண்டுமா? ஆடும் படுக்கையில் விரைவாக உறக்கம் வரும் என்று ஆய்வாளர்களே கண்டறிந்துள்ளதாக ஒரு விளம்பரத்தில் படித்தேன், அதை நம்பலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

மரநிழல் எழுதியது:

வணக்கம் நண்பரே. நீங்கள் சொன்ன மூன்று துன்பங்களுக்கும், அதாவது முதுகு வளைவு, தோள் நெருக்கம், முழங்கால் வலி ஆகியவற்றுக்கு, பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஹேமக்கின் நீளம் போதாமை. கடைகளில் அதிகம் விற்பனையாகும் ஹேமக்குகள் சுமார் 2.7 மீட்டர் நீளமே இருக்கின்றன. உட்கார்ந்து ஆடவும் சற்று நேரம் சாய்ந்திருக்கவும் அந்த நீளம் போதும். உங்கள் உயரமுள்ள ஒருவர் இரவு முழுவதும் உறங்குவதற்குத் துணியின் நீளம் குறைந்தது 3 மீட்டராவது இருக்க வேண்டும், 3.3 மீட்டர் இருந்தால் நான் தயங்காமல் அதையே பரிந்துரைப்பேன்.

அகலம் அப்படியன்று. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம் ஒருவருக்குத் தாராளமாகப் போதும். இருவருக்கானது என்று விற்கப்படும் ஹேமக்குகள் பலவற்றில் அகலம்தான் கூடுகிறது, நீளம் கூடுவதில்லை. மிகுதியான துணி முகத்தின் இருபுறமும் தொங்கிக் காற்றை மறைக்கும், சுமையையும் கூட்டும். முதுகின் வளைவோ அப்படியே இருக்கும். ஆகவே பொருளின் விவரக் குறிப்பைப் படிக்கும்போது முதலில் நீளத்தைப் பாருங்கள். சில நிறுவனங்கள் துணியின் நீளத்தோடு இருமுனைக் கயிறுகளையும் சேர்த்து அளவு சொல்வதால், குறிப்பிட்ட எண் துணிக்கு மட்டும் உரியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் நல்லது.

நீளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஹேமக்கில் நேர்க்கோட்டில் படுக்கக் கூடாது. இரு முனைகளையும் இணைக்கும் நடுக்கோட்டின் மேலேயே தலையையும் காலையும் வைத்துப் படுத்தால், துணி எப்படித் தொங்குகிறதோ அப்படியே உடம்பும் வளையும். தலையை நடுக்கோட்டுக்கு ஒரு பக்கமும் பாதங்களை மறு பக்கமும் நகர்த்தி, மூலைவாட்டில் படுக்க வேண்டும். அப்போது துணி உடம்பின் கீழே இழுபட்டு விரிவதால் முதுகு ஏறத்தாழச் சமதளத்தில் அமையும். தோள்களை அழுத்திய ஓரங்கள் விலகும். பாதங்களும் கீழிறங்குவதால் முழங்கால் இழுப்பு தணியும். குட்டையான ஹேமக்கில் இப்படிக் குறுக்காகத் திரும்புவதற்கு இடமே இருப்பதில்லை. நண்பருடைய ஹேமக்கில் நீங்கள் பட்ட அவதி அதனால்தான் இருக்கும் என்று கருதுகிறேன்.

அடுத்தது கட்டும் முறை. இறுக்கமாகக் கட்டினால் சமமாக இருக்கும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் உண்மை நேர்மாறானது. இறுக்கிக் கட்டிய ஹேமக்கில் துணியின் ஓரங்கள் விறைத்து நின்று உடம்பை நடுவில் நெருக்கும். மூலைவாட்டில் திரும்பவும் விடாது. ஆள் படுத்திருக்கும் நிலையில், ஹேமக்கை மரத்தோடு கட்டும் நாடாப் பட்டை கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை சாய்ந்திருக்க வேண்டும். இதை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. சுட்டுவிரலைக் கிடைமட்டமாக நீட்டிக் கட்டைவிரலைச் செங்குத்தாக உயர்த்துங்கள். இரண்டு விரல்களின் நுனிகளையும் இணைக்கும் கோட்டின் சாய்வு கிட்டத்தட்ட 30 பாகை வரும். பட்டையின் சாய்வை அதனோடு ஒப்பிட்டால் போதும்.

இந்தச் சாய்வு வசதிக்கு மட்டுமன்று, பாதுகாப்புக்கும் உரியது. 30 பாகையில் ஒவ்வொரு பட்டையும் தாங்கும் இழுவிசை, படுத்திருப்பவரின் எடைக்குச் சமமாக இருக்கும். உங்களுக்கு 80 கிலோ. சாய்வு 10 பாகையாகக் குறைந்தால் அதே பட்டையில் ஏறத்தாழ 230 கிலோ இழுவிசை விழும். தையலும் கொக்கியும் மரமும் தாங்க வேண்டிய சுமை இப்படிக் கண்ணுக்குத் தெரியாமலேயே மூன்று மடங்காகிவிடுகிறது.

ஒவ்வொரு இடத்திலும் மரங்களின் இடைவெளி மாறும். அதற்கேற்ப ஹேமக்கின் தொய்வும் மாறிக்கொண்டே இருந்தால், ஓர் இரவு நன்றாகவும் மறு இரவு மோசமாகவும் உறங்க நேரும். இதற்காகவே ஹேமக்கின் இரு முனைகளையும் இணைத்து மேலே ஒரு முகட்டுக் கயிறு கட்டப்படுகிறது. அதன் நீளம் துணியின் நீளத்தில் சுமார் 83 விழுக்காடு இருந்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும், அதாவது 3.3 மீட்டர் ஹேமக்குக்கு ஏறக்குறைய 2.75 மீட்டர். பட்டைகளைச் சற்று இறுக்கிவிட்டாலும் தளர்த்திவிட்டாலும், இந்தக் கயிறு தொய்வை ஒரே அளவில் காத்துவிடும். கொசுவலையைத் தாங்குவதற்கும் கைவிளக்கைத் தொங்கவிடுவதற்கும்கூட அதுவே உதவும். வாங்கும்போது முகட்டுக் கயிறு உள்ளதையே வாங்குங்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் இன்னும் சிறப்பு, ஏனெனில் 83 என்பது தொடங்குவதற்கான எண் மட்டுமே.

பாதமுனையைத் தலைமுனையைவிட ஒரு சாண் உயரத்தில் கட்டுவதையும் மறவாதீர்கள். உடம்பின் கனமெல்லாம் மேற்பாதியில் இருப்பதால், இரு முனைகளும் ஒரே உயரத்தில் இருந்தால் நள்ளிரவில் கால் பக்கமாகச் சறுக்கி நடுவில் குவிந்துவிடுவீர்கள்.

துணியைப் பொறுத்தவரை, சுமந்து செல்வதற்கு நைலானும் பாலியெஸ்டரும் ஏற்றவை. நைலான் சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் உடம்புக்கு மென்மையாக இருக்கும். ஆனால் ஈரம் பட்டால் கூடுதலாகத் தொய்யும். பாலியெஸ்டரில் அந்தத் தொய்வு குறைவு. சமமான, சற்று உறுதியான படுக்கையை விரும்புவோர் அதைத் தேர்ந்தெடுக்கலாம். பருத்தி உடம்புக்கு மிக இதமானது என்றாலும், கனமானது, ஈரத்தை உறிஞ்சி மெதுவாக உலர்வது. நிலையாக ஓரிடத்தில் கட்டி வைப்பதற்கே அது பொருந்தும். மிக மெல்லிய துணிகளின் குறைந்த எடை கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் 80 கிலோ எடையுள்ள நீங்கள் தாங்குதிறன் வரம்பை ஒட்டிய துணியில் படுத்தால், அது கிழியாவிட்டாலும் அளவுக்கு மீறி நெகிழ்ந்து உங்களைக் குழிக்குள் இறக்கும். 130 கிலோவுக்குக் குறையாத தாங்குதிறன் குறிக்கப்பட்ட துணியைப் பாருங்கள்.

---

பனித்துளி எழுதியது:

மேலே எழுதியவர் படுக்கும் முறையைத் தெளிவாக விளக்கிவிட்டார். நான் குளிரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் ஹேமக்கை விரும்பி வாங்கியவர்கள் அதைக் கைவிடுவதற்கு முதுகு வலியைவிட முதுகுக் குளிரே பெரிய காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தரையில் படுப்பவருக்குக் கீழே மண் இருக்கிறது. ஹேமக்கில் படுப்பவருக்குக் கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. முதுகின் வெப்பத்தை அது இடைவிடாமல் எடுத்துச் செல்லும். பகலில் இதமாகத் தோன்றும் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலேயே, அடிப்பக்கம் காப்பில்லாத ஹேமக்கில் விடியற்காலையில் பலருக்குக் குளிர் உறைக்கத் தொடங்கும். இதற்குத் தடிமனான உறக்கப் பை தீர்வாகாது. உறக்கப் பையை வெப்பமாக வைத்திருப்பது அதன் இழைகளுக்கு இடையே தங்கும் காற்று. உடம்பின் பாரத்தால் அது கீழ்ப்பக்கம் நசுங்கும்போது அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. மேலே வியர்த்தும் கீழே நடுங்கியும் இரவைக் கழிக்க நேரிடுவது இதனால்தான்.

மிகச் சிறந்த வழி, அண்டர்குவில்ட் எனப்படும் அடிப்போர்வை. அது ஹேமக்குக்கு வெளியே, அடியில் ஒட்டித் தொங்குவதால் உடம்பின் பாரம் அதன்மேல் விழுவதில்லை. பஞ்சும் இறகும் உப்பலாகவே இருந்து வெப்பத்தைக் காக்கும். ஹேமக்குக்கும் போர்வைக்கும் இடையில் இடைவெளி விழாமல் முனைகளைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சிறிய இடைவெளி இருந்தாலும் அதன் வழியே காற்று புகுந்து பயனைக் கெடுத்துவிடும். தோளிலிருந்து முழங்கால் வரை மட்டும் மூடும் குறுகிய அடிப்போர்வையும் உண்டு; எடையைக் குறைக்க விரும்பினால் அதை வாங்கி, பாதங்களுக்கு அடியில் சிறு ஃபோம் துண்டை வைத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் கூடாரத்துக்கான ஃபோம் விரிப்பு ஏற்கெனவே இருக்குமானால், முதலில் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு அடிப்போர்வைக்குச் செலவழிப்பதா என்று முடிவு செய்யுங்கள். விரிப்பு நழுவாமல் இருக்க, இரண்டு அடுக்குத் துணியுள்ள ஹேமக் உதவும். விரிப்பை அடுக்குகளுக்கு இடையே செருகிவிடலாம். விரிப்பின் குறை, அதன் அகலம் பொதுவாக 50 செ.மீ. அளவே இருப்பது. ஹேமக்கின் துணி தோள்களைச் சுற்றி மேலேறுவதால் தோளும் புயமும் விரிப்புக்கு வெளியே நின்று குளிரும். தோள் பகுதியில் மட்டும் குறுக்காக இன்னொரு துண்டு ஃபோம் வைத்தால் அது தீரும்.

கொசுவைப் பற்றியும் ஒரு சொல். மேலே வலை இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். மெல்லிய ஒற்றை அடுக்குத் துணியின் வழியாகக் கீழிருந்தே கொசுக்கள் கடிக்கும். அடிப்போர்வையோ விரிப்போ இரட்டை அடுக்கோ இருந்தால் அந்தத் தொல்லையும் சேர்ந்தே நீங்கிவிடும்.

உறக்க ஆய்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. 12 ஆண்களைப் பிற்பகலில் 45 நிமிடம் உறங்க வைத்தபோது, மெதுவாக ஆடும் படுக்கையில் அவர்கள் விரைவாக உறங்கியதும் ஆழ்ந்த உறக்கத்துக்குரிய மூளை அலைகள் கூடியதும் பதிவாயின. 2019-இல் இளைஞர்கள் சிலரை முழு இரவும் உறங்க வைத்து ஆய்ந்தபோதும் ஒத்த முடிவுகளே கிடைத்தன. ஆனால் அந்தப் படுக்கைகள் ஹேமக்குகள் அல்ல. சமதளமான மெத்தைகளை இயந்திரம் நான்கு நொடிக்கு ஒருமுறை வீதம் இடைவிடாது அசைத்துக்கொண்டே இருந்தது. ஹேமக் சற்று நேரத்தில் ஆடி அடங்கிவிடும். ஆகவே அந்த முடிவுகளை அப்படியே ஹேமக்குக்குப் பொருத்திச் சொல்வது முறையன்று. உங்கள் உறக்கத்தைத் தீர்மானிப்பவை முதுகின் கிடையும் முதுகின் வெப்பமும்தான்.

---

நீள்வழி எழுதியது:

மரநிழல் அவர்கள் கூறியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் ஒருக்களித்துப் படுப்பவர் என்பதை இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முனைகள் குவிந்த சாதாரண ஹேமக்கில், மூலைவாட்டில் படுத்து முழங்காலை மடக்கி ஒருக்களிக்க முடியும். பலர் அப்படி உறங்குகிறார்கள். எனினும், இரவில் அடிக்கடி பக்கம் மாறிப் படுப்பவருக்கு ஒவ்வொரு முறையும் துணியைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கும்; ஒரு பக்கம் எளிதாகவும் மறு பக்கம் சிரமமாகவும் இருக்கும். இத்தகையோருக்குப் பிரிட்ஜ் ஹேமக் என்னும் வகை பொருந்தும். அதில் தலைப் பக்கமும் கால் பக்கமும் ஒரு குறுக்குத் தண்டு துணியை விரித்துப் பிடிப்பதால், நேராகப் படுத்தாலும் முதுகு வளைவதில்லை. விரிப்பும் நழுவாமல் கட்டிலில் கிடப்பதுபோலக் கிடக்கும். எனக்கு இடுப்பு வலி இருப்பதால் நான் இதையே பயன்படுத்துகிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தண்டுகளால் எடை கூடும். கட்டுவதற்கும் நேரம் பிடிக்கும். தலைப் பக்கத் தண்டு குட்டையாக இருந்தால் தோள்களை நெருக்கும், ஆகவே அகன்ற தோளுடையவர்கள் படுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. மழைக்காக மேலே கட்டும் தார்ப்பாயில் தண்டுகள் உரசும் என்பதால் அகலமான தார்ப்பாயும் தேவைப்படும். தோட்டங்களில் காணப்படும், நீண்ட மரக்கட்டைகளோடு தட்டையாக இழுத்துக் கட்டிய கயிற்று ஹேமக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எளிதில் கவிழக்கூடியது, உறங்குவதற்கு ஏற்றதன்று.

---

நடைப்பயணி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நண்பருடைய ஹேமக்கை அளந்து பார்க்கச் சொன்னேன், துணி 2.6 மீட்டர்தான் இருக்கிறதாம். அகலத்தைத் தேடிக்கொண்டிருந்த நான் இனி நீளத்தைப் பார்ப்பேன். பிரிட்ஜ் வகை ஆர்வமூட்டினாலும், சுமக்கும் எடையைக் கருதி முதலில் 3.3 மீட்டர் சாதாரண வகையையே முயன்று பார்க்க நினைக்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. எவ்வகை மரத்தில், எவ்வளவு உயரத்தில் கட்டுவது? மழை பெய்தால் பட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடாதா?

---

மரநிழல் எழுதியது:

நல்ல முடிவு. மரம் உயிருள்ளதாகவும், அடிமரம் உங்கள் தொடையைவிடப் பருமனாகவும் இருக்க வேண்டும். கையால் தள்ளினால் அசையக் கூடாது. பட்டுப்போன மரத்தில், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கட்டவே கூடாது. கட்டுவதற்கு முன் நிமிர்ந்து மேலே பாருங்கள். உலர்ந்த கிளையோ, முறிந்து வேறொரு கிளையில் சிக்கித் தொங்கும் கொம்போ தலைக்கு மேலே இருந்தால், இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். ஹேமக் தொடர்பாக நான் கண்டிப்பாகச் சொல்லும் ஒரே விதி இதுதான்.

மெல்லிய கயிற்றை நேரடியாக மரத்தில் சுற்றாதீர்கள். மேற்பட்டைக்கு உடனடியாக உள்ளே இருக்கும் மெல்லிய வளர் அடுக்கை அது நசுக்கிவிடும். மரம் தன் உணவைக் கடத்துவதும் மேற்பட்டையின் அந்த உட்பகுதி வழியாகத்தான். குறைந்தது 2.5 செ.மீ. அகலமுள்ள நாடாப் பட்டைகளைப் பயன்படுத்துங்கள். மென்மையான மேற்பட்டையுள்ள மரங்களுக்கு இன்னும் அகலமானவை நல்லது. பாலியெஸ்டர் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். நைலான் பட்டை இரவில் நெகிழ்ந்து, நீங்கள் படுக்கும்போது இருந்த உயரம் விடியும்போது இருக்காது.

மரங்களின் இடைவெளி நான்கு முதல் ஐந்து மீட்டர் வரை இருப்பது வசதி. நான்கு மீட்டர் இடைவெளியில், 3.3 மீட்டர் ஹேமக்குக்கு, பட்டையை ஏறக்குறைய 1.7 மீட்டர் உயரத்தில் சுற்றினால் 30 பாகை சாய்வு கிடைக்கும். இடைவெளி கூடக் கூட, சாய்வு மாறாதிருக்கப் பட்டையையும் மேலே ஏற்ற வேண்டும். உட்கார்ந்த நிலையில் ஹேமக் நாற்காலி உயரத்தில், அதாவது தரையிலிருந்து 45 செ.மீ. அளவில் இருந்தால் இறங்கவும் ஏறவும் எளிது. ஏதேனும் அவிழ்ந்தாலும் பலத்த அடிபடாது. பாறைக்கு மேலேயோ நீருக்கு மேலேயோ கட்ட வேண்டாம்.

தண்ணீர் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானதே. பட்டை நனைந்தால் நீர் அதன் சரிவில் இறங்கி, நேரே ஹேமக்கின் முனைக்கு வரும். அதைத் தடுக்க, தார்ப்பாயின் நிழலுக்குள், ஹேமக்குக்குச் சற்று முன்னால், பட்டையில் ஒரு சிறு நூல்கயிற்றைக் கட்டிக் கீழே தொங்கவிடுங்கள். வழிந்து வரும் நீர் அந்த நூலைப் பிடித்துத் தரையில் சொட்டிவிடும். பட்டை கொக்கியிலோ வளையத்திலோ முடியும் அமைப்பானால், பெரும்பாலான நீர் அங்கேயே சொட்டும். ஆயினும் நூலையும் கட்டிவிடுவது நல்லது.

தார்ப்பாயின் முகடு உங்கள் ஹேமக்கின் முகட்டுக் கயிற்றைவிட இரு முனைகளிலும் குறைந்தது 15 செ.மீ. நீண்டிருக்க வேண்டும், 3.3 முதல் 3.6 மீட்டர் வரை நீளமுள்ளது உங்களுக்குப் பொருந்தும். காற்றோடு மழை வரும் என்று தெரிந்தால், தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டி, காற்றடிக்கும் பக்கத்து ஓரத்தைத் தரையோடு இறக்கிவிடுங்கள். வந்து சேர்ந்ததும் முதலில் தார்ப்பாயையும் அதன்பின் ஹேமக்கையும் கட்டும் பழக்கத்தை வைத்துக்கொண்டால், நடுவில் மழை வந்தாலும் படுக்கை நனையாது.

காட்டுக்கு எடுத்துச் செல்வதற்கு முன், வீட்டருகே ஓர் இரவு முழுவதும் படுத்துப் பாருங்கள். முழங்கால் இன்னும் இழுத்தால் அதன் அடியில் மடித்த துணியை வையுங்கள். அப்போதும் குறையாவிட்டால், முகட்டுக் கயிற்றை ஒரு முறைக்கு இரண்டு செ.மீ. வீதம் மாற்றி மாற்றிப் பார்த்து, நன்றாக உறங்கிய அளவைக் கயிற்றில் மையால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.